கண்ணாடியில்லாமல் பார்த்த கோட்டை

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடைக்கால வெள்ளிக்கிழமை, வேலூர்க் கோட்டையில் நடந்தது இது. கோட்டையில் என்றால் உள்ளே, வெளியே, மதில்மேலே, அகழி ஓரமாக, பூங்காவில், கோயில் வாசலில் என்று ஒரு இடம் பாக்கியில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை செக்குமாடு மாதிரி சுற்றினோம். அவ்வளவு சுற்றியும் மத்தியானம் வரை நான் எதையும் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். சொல்லும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் ஊர் குடியாத்தம். அப்பா தறியில் லுங்கி நெய்பவர். நான் படித்து முடித்து ஒரு நெசவாளர் சொசைட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குக் கண்ணாடி. பையன்கள் சோடாபுட்டி என்று கத்துவார்களே, அந்த ரகம். அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பது வரைக்கும் தெரியும். மூக்கு, முழி, சிரிப்பு, முறைப்பு ஒன்றும் தெரியாது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த முதல் நாளிலேயே அம்மா என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "கொஞ்ச நேரந்தானே, சும்மா இரு" என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் ஒவ்வொரு வரனுக்கும் தொடர்ந்தது. வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் போட்டார்கள், சிலர் போடவில்லை. ஒரு இடம் மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் வரை வந்தது. யாரோ என் கண்ணாடி விஷயத்தை அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். அவர்கள் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஏமாற்றிவிட்டீர்களே என்று தெரு கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அப்பா பல நாள் தறிக்குழியை விட்டு வெளியே வரவே இல்லை.

இதிலிருந்து ஒரு மனிதர் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? கண்ணாடியை மறைக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள வேண்டும். என் அம்மாவும் மாமாவும் என்ன கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? நம் ஊரில் வைத்து மறைத்ததுதான் தப்பு, வெளியூரில் வைத்து மறைத்திருக்க வேண்டும் என்று!

மாமா, அம்மாவின் தம்பி. நூலுக்குச் சாயம் போடும் வேலை. கைகள் இரண்டும் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். மூளை மட்டும் ஓயாமல் திட்டம் போடும். இந்த முறை ஒரு தரகர் மூலம் அவர் கொண்டுவந்த வரன் ஆம்பூர். பையன் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். "டவுன் ஆளுங்க இப்பல்லாம் வீட்டுக்கு வந்து பாக்கறது இல்லக்கா. பொது எடத்துல, தற்செயலா பாத்துக்கற மாதிரி பாத்துக்குவாங்க. புடிச்சா சரி, புடிக்காட்டி ஒரு காக்கா குருவிக்கும் தெரியாது" என்றார்.

முதலில் அவர் சொன்ன இடம் அமிர்திக் காட்டு மிருகக்காட்சிசாலை. அங்கே மான் பார்க்கிற மாதிரி பெண் பார்த்துவிடலாம் என்றார். "எம் பொண்ண காட்டுல வெச்சு காட்டணுமா?" என்று அம்மா சீறினாள். அடுத்ததாக ஏலகிரி என்றார். அங்கே போய்வரும் செலவுக்கு ஒரு கல்யாணமே செய்துவிடலாம் என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கடைசியில்தான் வேலூர். கோட்டைக்குப் பக்கத்தில் மியூசியம் ஒன்று திறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அதற்குள்ளே, கற்சிலைகளுக்கு முன்னால், காலை பத்து மணிக்கு இரண்டு வீட்டாரும் சிலை பார்ப்பது போல வந்து நிற்க வேண்டும். பையனின் அம்மா அரக்கு நிறப் புடவை. நான் கிளிப்பச்சை. பேச வேண்டுமானால் சிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து மெதுவாக அங்கே இங்கே வரலாம். ஆனால் எதற்காக வந்திருக்கிறோம் என்று மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. தரகர் வர மாட்டார். அவர் முகம் வேலூரில் எல்லாருக்கும் தெரியும், அவர் பக்கத்தில் நின்றாலே விஷயம் வெளியே போய்விடும். எல்லாம் மாமா போட்ட சட்டம்.

"கண்ணாடிய எப்ப மாட்டிக்கறது மாமா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகட்டும், மெதுவா சொல்லிக்கலாம். ஆனப்புறம் இன்னா பண்ணிடுவாங்க?"

என்ன பண்ணிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துத் தெருவில், காது கொஞ்சம் மந்தம் என்பதை மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணை, புடவைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் பகலில் தண்ணீர் பிடிக்கக்கூட வருவதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாதோ என்ற பயம் இல்லை. இப்படி ஆகிவிடுமே என்றுதான் பயம். அதைச் சொன்னால் வீட்டில் கேட்பவர் யார்? அபசகுனமாகப் பேசாதே என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை. பையனுக்கு வேறு நாள் கிடைக்காது. நான் சொசைட்டியில் லீவு சொன்னேன். அம்மா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கட்டினாள். பேருந்து ஏறியதும் என் கண்ணாடியைக் கழற்றி, வயர் கூடையில், புளிச்சோற்றுப் பொட்டலங்களுக்கு அடியில் பத்திரப்படுத்தினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வேலூர் வரை மங்கலான பச்சையையும் மங்கலான மண்ணையும் பார்த்துக்கொண்டே போனேன்.

மியூசியம் வாசலில் இரும்புக் கதவு. கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு பலகை. எனக்கு அது பலகை என்பது மட்டும் தெரிந்தது. மாமா சத்தமாகப் படித்தார். "வெள்ளிக்கிழமை விடுமுறை."

உள்ளே ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். மாமா அவரிடம் பாய்ந்தார். "வெள்ளிக்கிழமைல இன்னாய்யா லீவு?"

"வெள்ளிக்கிழமைதான்யா லீவு. ஞாயித்துக்கிழமை வா, தொறந்திருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அவுங்களுக்கு லீவு கெடையாதே!"

"யாருக்கு?"

மாமா டக்கென்று வாயை மூடிக்கொண்டார். ரகசியமாயிற்றே!

ஆம்பூர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை ஊர் சுற்றும் நாள். அதே நாளில் மியூசியமும் லீவு போட்டிருக்கும் என்று நாள் பார்த்த தரகருக்கும் தோன்றவில்லை, திட்டம் போட்ட மாமாவுக்கும் தோன்றவில்லை. சரி, ஆனது ஆகட்டும், அவர்கள் வரும்வரை இந்த வாசலிலேயே உட்கார்ந்திருப்போம் என்றேன். இதில் என்ன கஷ்டம்? ஆனால் மாமா கூடவே கூடாது என்றார். பூட்டின கதவுக்கு முன்னால் காத்திருந்தால், எதற்கோ காத்திருக்கிறோம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்! தற்செயலாக வந்த மாதிரி இருக்காதாம்! கோட்டைப் பக்கம் சும்மா உலாத்திக்கொண்டே இருப்போம், நான் நடுவில் நடுவில் வந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு நாங்கள் பட்ட பாடு முழுவதும் இந்த ஒரு முடிவால் வந்தது.

வேலூர் வெயில் எப்படியிருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அகழிப் பாலத்தைத் தாண்டினோம். உள்ளே கோயில், அந்தப் பக்கம் மசூதி, இந்தப் பக்கம் சர்ச், பழைய மகால்கள் என்று மாமா கைகாட்டிக்கொண்டே வந்தார். அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்றார். எந்த அரசன், எந்தச் சண்டை என்பதெல்லாம் நடக்க நடக்க அவர் வாயில் மாறிக்கொண்டே வந்தது. எனக்குக் கோயில் ஒரு மஞ்சள் மேடு, சர்ச் ஒரு வெள்ளைத் திட்டு, அகழி ஒரு பச்சைப் பட்டை. இதற்கு நான் வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம்.

அம்மாவுக்கு வேறு வேலை. அரக்குப் புடவை தேடும் வேலை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் அரக்கில்தான் இருந்தார்கள். ஒவ்வொருவராக அம்மா சுட்டிக்காட்ட, மாமா தள்ளுபடி செய்துகொண்டே வந்தார். "அது அரக்கு இல்லக்கா, குங்குமப்பூ." "அது மாதுளை." "அது சாயம் போன செவப்பு. சாயம் போட்டவன ஒதைக்கணும்." சாயக்காரரைக் கூட்டிக்கொண்டு புடவை தேடப் போனால் இப்படித்தான். நடுவில் ஒருமுறை மியூசியம் பக்கம் போய், சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "மூணு பேரு படில உக்காந்துனு இருக்காங்க. ஆனா அந்தம்மா கட்டினு இருக்கறது அரக்கு இல்ல, காப்பிப்பொடி" என்றார்.

மத்தியானம் பூங்காவில் ஒரு மர நிழலில் போய் விழுந்தோம். பக்கத்து நிழலில் ஒரு அம்மாளும் அவருடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அந்தப் புடவையைப் பார்த்தார். முகம் மலர்ந்திருக்க வேண்டும், குரல் மலர்ந்தது எனக்குக் கேட்டது. "அக்கா, அசல் அரக்கு!"

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு பேச்சை ஆரம்பித்தாள். "எந்த ஊருங்க?"

"ஆம்பூரு" என்றார் அந்த அம்மாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"தம்பிக்கு எங்க வேலை?"

"தோல் கம்பெனில. இன்னிக்குத்தான் லீவு. ஒரே பையங்க. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது."

இன்னொரு கிள்ளு. இப்போது யோசித்தால், எந்த அம்மாவும் தன் பிள்ளையைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடிய பேச்சுதான் அது. அன்றைக்குக் கோட்டையில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் கம்பெனி ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் லீவு. ஆனால் வாய் திறந்து கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்றே. நீங்கள்தான் அவர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மீதி எல்லாவற்றையும் அம்மா கேட்டாள். அந்த அம்மாளும் மரியாதைக்காகப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். அம்மா என்னைப் பற்றி நீட்டி முழக்கினாள். சமையல், கோலம், அடக்கம் எல்லாம் வந்தது. கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்போது மாமா எழுந்தார். "மேல மதில்ல ஏறினா ஊரே தெரியுமாம். தம்பி, நீங்களும் வாங்களேன்" என்று அந்த மகனைக் கூப்பிட்டார். அவரும் பொழுது போகாமல் இருந்திருப்பார் போலிருக்கிறது, எழுந்து வந்தார். மூன்று பேரும் கோட்டைக்குள் போய் மதில் படிக்கட்டில் ஏறினோம். பாதிப் படியிலேயே மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, எனக்கு மூச்சு வாங்குது." காலையிலிருந்து கோட்டையைச் சுற்றியபோது வாங்காத மூச்சு!

படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவி ஏறினேன். மேலே காற்று அடித்தது. எதிரே ஒரு வெள்ளைச் சட்டை நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாநிறப் புகை. எனக்கு அப்போது வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இந்த மனிதரோடு வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டுமாம், ஆனால் இவருக்கு மீசை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அடக்கமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"எங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க, நானே சொல்லிடறேன். எனக்குக் கண்ணாடி இல்லன்னா ஒண்ணுமே தெரியாது. பவர் ரொம்ப ஜாஸ்தி. இப்ப உங்க மூஞ்சிகூட எனக்குத் தெரியல. இத மறைச்சு கல்யாணம் பண்ணிட்டு, அப்புறம் உங்க வீட்ல திருடி மாதிரி முழிக்க என்னால முடியாது. சரின்னா சரின்னு சொல்லுங்க, வேணாம்னா இங்கியே வேணாம்னு சொல்லிடுங்க. கடுதாசி போடறோம்னு மட்டும் சொல்லாதீங்க."

வெள்ளைச் சட்டை அசையவில்லை.

"சிஸ்டர்..."

பெண் பார்க்க வந்த எவனும் பெண்ணை சிஸ்டர் என்று கூப்பிட மாட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சிஸ்டர், நீங்க என்னை வேற யாரோன்னு நெனச்சுட்டீங்க. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. முந்தாநாள்தான் கொழந்த பொறந்துச்சு, பொண்ணு. ஆஸ்பத்திரில சாயங்காலந்தான் உள்ள வுடுவாங்க. அதுவரைக்கும் அம்மாவ நெழல்ல உக்கார வெக்கலாம்னு இங்க இட்டாந்தேன்." கையிலிருந்த எதையோ தூக்கிக் காட்டினார். "பாருங்க, வெந்நி பிளாஸ்க்கு."

அகழியில் முதலை இருந்த காலத்தில் பிறந்திருக்கக் கூடாதா, இப்படியே குதித்துவிடலாமே என்று இருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் பிளாஸ்க் தெரிந்திருக்கும், அந்த அம்மாளின் பையிலிருந்த குழந்தைத் துணி தெரிந்திருக்கும். எல்லாம் தெரிகிற என் அம்மாவும் மாமாவும் பக்கத்திலேயே இருந்தும், அவர்கள் கண்ணுக்கு அரக்குப் புடவையைத் தவிர வேறு எதுவும் படவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் கோபமாக இருந்தது.

அவர் சிரித்திருக்கலாம். ஆம்பூருக்குப் போய் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க அருமையான கதை. சிரிக்கவில்லை. "கண்ணாடி இப்ப எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அம்மா கூடைல. புளிச்சோத்துக்கு அடில."

அதற்குத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதல்ல எடுத்து மாட்டுங்க சிஸ்டர். இந்தப் படி ஒண்ணொண்ணும் ஒரு தினுசா இருக்குது, வுழுந்தீங்கன்னா பேஜாரு. வர்றவன் பாத்துட்டு வேணாம்னா போகட்டுமே. நீங்களும் அவன் மூஞ்சியப் பாக்க வேணாமா? எம் பொண்டாட்டி என்னை ஏற எறங்கப் பாத்துட்டுதான் சரின்னா. இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக் காமிப்பா."

எனக்கு முன்னால் ஒரு படி கீழே நின்று, "இது ஒடஞ்சிருக்கு, இது ஒயரம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னை இறக்கிவிட்டார். நடுப்படியில் மாமா ஆவலோடு எழுந்து நின்றார். "இன்னா தம்பி, எல்லாம் தெரிஞ்சுதா மேல?" என்று குழைந்தார். "எல்லாம் நல்லா தெரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் முன்னால் நடந்தார். நான்தான் மாமாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மாமா அங்கேயே மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நிஜமாகவே மூச்சு வாங்கியது.

பூங்காவில் அந்த அம்மாள் விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பையைத் துழாவி, பேத்தி பிறந்ததற்கு என்று என் அம்மாவின் கையில் கல்கண்டு வைத்தார். அம்மா அவமானத்தோடு அதை வாயில் போட்டுக்கொண்டாள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்கள்.

நான் கூடைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தேன். மூக்குப்பகுதியில் புளி எண்ணெய். முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"கழட்டுடி. இன்னும் அவுங்க வரலாம்" என்றாள் அம்மா.

"வரட்டும்."

"இவ்ளோ தூரம் வந்தது இன்னாத்துக்கு? உங்கப்பா மூஞ்ச நெனச்சுப் பாத்தியா?"

"அப்பா மூஞ்ச நெனச்சுத்தாம்மா சொல்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் வந்து வாசல்ல கத்தினாங்கன்னா அப்பா இன்னா ஆவாரு?"

அம்மா கூடையை மூடி வைத்தாள். உன் இஷ்டம், இனிமேல் எதற்கும் என்னைக் கேட்காதே என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை எப்போது யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கோபத்தோடு கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கோட்டை தெரிந்தது. சிமெண்டு பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கருங்கல், அதன் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, தண்ணீரில் தலைகீழாக மதில், கோபுரத்தில் ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாக. காலையிலிருந்து இவ்வளவும் இங்கேயே இருந்திருக்கிறது! எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர்களை உட்கார வைத்துவிட்டு நான் தனியாக அகழி ஓரமாக ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பேருந்துக்குப் போகும் வழியில் மியூசியத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பூட்டின வாசற்படியில், மாமா தள்ளுபடி செய்த அந்த மூன்று பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பிப்பொடி நிறப் புடவையில் ஒரு அம்மாள், ஒரு பெரியவர், ஒரு பையன். மூவர் முகத்திலும் வெயில் ஏறி, கோபமும் ஏறியிருந்தது. மாமா கூடாது கூடாது என்று கையைப் பிடித்து இழுக்க, நான் நேராகப் போய்க் கேட்டேன். "நீங்க ஆம்பூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தவங்களா?"

"ஆமா" என்றார் அந்த அம்மாள். "பஸ்ஸு லேட்டாயி பதினோரு மணிலேர்ந்து இங்கியே உக்காந்துனு இருக்கோம். மியூசியம்னு சொன்னாங்க, மியூசியத்துலயே இருக்கோம். நீங்க எங்க போனீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அரக்காம்மா?" என்றார் மாமா.

"பின்ன இன்னாவாம்?"

நல்லவேளை, அந்தச் சண்டை வளரவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "நாந்தாங்க பொண்ணு" என்றேன். அவர் பார்வை என் முகத்தில் ஒரே இடத்தில் நின்றது. "கண்ணாடி போடுவியா? தரகர் சொல்லவே இல்லியே?"

"படிக்கறதுக்கு மட்டும்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"இல்லீங்க. காத்தால எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும். இது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியவர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "சரி, ஊருக்குப் போய் கடுதாசி போடறோம்" என்றார்.

"கடுதாசி வேணாங்க. இங்கியே சொல்லிடுங்க" என்றேன்.

பையன் எழுந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு மனசு ஒப்பலன்னு நெனைக்கறேன். அவங்கள மீறி நான் எதுவும் பண்ண மாட்டேன். எனக்கு வேணாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். முகத்தில் தண்ணீரை வாரி அடித்த மாதிரி இருந்தது. அம்மா பேச்சைத் தட்டாத உத்தமப் பிள்ளை என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் திட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரே ஒரு லீவு நாளைப் பூட்டின கதவுக்கு முன்னால் வீணடித்த, களைத்த, சாதாரண முகம். நகக்கண்ணில் தோல் கம்பெனிச் சாயம். வேண்டாம் என்று சொன்னபோது அவர் கண் கீழே போய்விட்டது. "சொன்னதுக்கு நன்றிங்க" என்றேன். மனதார.

திரும்பும் பேருந்தில் மாமா எங்களுக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா நெடுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பேசினால் நானும் அழுதுவிடுவேன். பள்ளிகொண்டா தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பையனுக்கு முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துச்சு. கவனிச்சியா?"

"பாத்தம்மா."

"காதும் கொஞ்சம் பெரிசு."

"ஆமா. அதையும் பாத்தேன்."

அம்மா என்னையே உற்றுப் பார்த்தாள். அதற்கு முன்னால் வந்தவர்களைப் பற்றி அவள் எது சொன்னாலும் எனக்குத் தெரியாதும்மா என்றுதான் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் என்னை வேண்டாம் என்றார்கள், ஒருத்தர் முகம்கூட எனக்குத் தெரியாது. பேருந்தில் இதை யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் தன் முந்தானையால் என் கண்ணாடியின் ஓரத்திலிருந்த புளியைத் துடைத்துவிட்டு, கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுவருஷம் ஒரு இடம் வந்தது. வீட்டுக்கே வந்தார்கள். காப்பித் தட்டோடு நான் கிளம்பியபோது மாமா பழக்கதோஷத்தில் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வந்தவரை நிதானமாக, ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினேன். அவர்தான் என் கணவர்.

இப்போது என் பெண்ணுக்கும் கண்ணாடி, பேத்திக்கும் கண்ணாடி. பிளாஸ்க்கோடு நின்ற அந்த மனிதரின் பெண்ணுக்கு இன்று வயது நாற்பதை நெருங்கியிருக்கும், அவரை நான் மறுபடி பார்க்கவே இல்லை. அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார் என்பது எனக்கு இன்றும் தீராத எரிச்சல். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் யார் முன்னாலும் கண்ணாடியைக் கழற்றியதில்லை. என்னை வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர்கள்கூட, அதற்கப்புறம் என் கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.